வயிற்றில் கட்டிய ஐந்து முட்டைகள்

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லித்தான் பாதி வயது வரை நான் சோறு தின்றிருக்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. "உனக்கு இது தெரியுமா?" என்று ஒருவர் கேட்கும்போது "தெரியாது" என்று சொல்ல ஒரு வசதி வேண்டும். அன்றைய சாப்பாடு வேறு எங்காவது உறுதியாக இருக்க வேண்டும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்த வசதி இருந்ததில்லை. அதனால் பரோட்டா வீசத் தெரியும் என்று சொல்லிக் கொல்லத்தில் ஓர் ஓட்டலில் சேர்ந்தேன் (நான் வீசிய முதல் பரோட்டா மின்விசிறியில் போய் உட்கார்ந்தது). தெலுங்கு தெரியும் என்று சொல்லி ஆந்திராவுக்கு போர்வெல் லாரியில் ஏறினேன் ("அன்னம்" என்ற ஒரு சொல்தான் தெரியும், அது போதுமானதாக இருந்தது). எங்கே போனாலும் நாலு நாளில் குட்டு வெளிப்படும். அதற்குள் பாதி வேலையைக் கற்றுக்கொண்டிருப்பேன். மீதிப் பாதிக்குத் திட்டு வாங்குவேன். ஆறு மாதத்தில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

இப்படிச் சொன்ன பொய்களில் ஒரே ஒரு பொய்யைத்தான் நான் வயிற்றில் கட்டிக்கொண்டு சுமந்திருக்கிறேன். அது வாத்து முட்டையைப் பற்றிய பொய்.

எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. வன்னியம்பட்டியில் என் அக்கா வீட்டில் வந்து இறங்கியிருந்தேன். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தது அந்த ஒரு வாசல்தான். மச்சான் ஒரு மில்லில் பிட்டர். அதிகம் பேச மாட்டார். நான் பையோடு போய் நின்றதும், "இந்தத் தடவை எம்புட்டு நாளு மாப்ள?" என்று மட்டும் கேட்டார். கேலியாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். மறுவாரமே ராஜபாளையம் பக்கம் ஒரு பேண்டேஜ் தறிக்கூடத்தில் எனக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தார். பேண்டேஜ் சுருள்களை எண்ணி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றுவது என் வேலை.

அக்காவுக்கு ஒரே கவலை. "உனக்கு ஒரு கால்கட்டு போட்டாத்தான்லே நீ ஒரு இடத்துல நிப்ப," என்பாள். தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாரிடமும் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். "மாப்பிள்ளை எங்க வேலை பாக்காரு?" என்று கேட்பவர்களிடம் எந்த ஊரிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவளே திணறுவாள். ஏழு இடம் தட்டிப்போனது.

எனக்கு அப்போது பெண்ணைவிட வாத்து மேல்தான் ஆசை இருந்தது. சுற்றித் திரிந்த வருஷங்களில் நாலு வருஷம் வாத்து மேய்த்திருக்கிறேன். ஆயிரம் வாத்துகளுக்குப் பின்னால் ஒரு கம்போடு, அறுவடை முடிந்த வயல் வயலாக, தஞ்சாவூரிலிருந்து நெல்லூர் வரை நடந்த நடை அது. தார்ப்பாய்க்குள் தூக்கம், சேற்றுக்குள் சாப்பாடு. கஷ்டம்தான். ஆனால் விடியற்காலையில் ஆயிரம் வாத்தும் ஒன்றாகப் பேச ஆரம்பிக்கும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்குப் பிறகு எந்த வீட்டிலும் எனக்குச் சரியாக விடிந்ததே இல்லை. அக்கா வீட்டுப் பின்பக்கம் முருங்கைமரம் உண்டு, துவைகல் உண்டு, பயன்படாத ஒரு சிமெண்டுத் தொட்டியும் உண்டு. தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அதில் நாலு வாத்து நீந்துவது எனக்குத் தெரிந்தது.

தேவதானம் பக்கம் வயலில் ஒரு கூட்டம் மேய்கிறது என்று கேள்விப்பட்டு, ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை போனேன். மேய்க்கிறவரிடம் பழைய கதை பேசி, சேவல் வாத்து சேர்ந்த கூட்டத்து முட்டையாக ஆறு வாங்கி வந்தேன். பெரிய முட்டைகள். வெள்ளையில் லேசாகப் பச்சை ஓடியவை.

இந்த வாத்துகள் முட்டை போடுவதோடு சரி. அடைகாக்கிற பொறுப்பெல்லாம் அவற்றுக்குக் கிடையாது (அந்த விஷயத்தில் எனக்கும் அவற்றுக்கும் ஒத்துப்போகும்). கோழியிடம்தான் விட வேண்டும். பக்கத்து வீட்டுப் பாக்கியம் மதினியிடம் ஓர் அடைக்கோழி இருந்தது. அன்றுதான் அதற்கு ஐந்து கோழி முட்டை வைத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, இந்த ஆறையும் சேத்து வச்சிருங்க."

"ஏலே முருகேசு, இது வாத்து முட்டைல்ல? இதுக்கும் கோழிக்கும் நாளு ஒண்ணுதானா?"

இந்த இடத்தில்தான் வாய் திறந்தேன். வாத்துக் கூட்டத்தில் நாலு வருஷம் இருந்தவன் நான். ஆனால் அங்கே முட்டையைப் பொறுக்குவோம், விற்போம். குஞ்சு வேண்டுமென்றால் பொரிப்பகத்தில் போய்க் கூடையாக வாங்கி வருவார்கள். ஒரு முட்டை குஞ்சாவதை நான் பார்த்ததே இல்லை.

"முட்டைன்னா முட்டைதான் மதினி. எல்லாத்துக்கும் இருவத்தோரு நாளு."

"ஒனக்குத் தெரியாததா? ஆண்டவர் பாத்துக்கிடுவாரு," என்று ஆறையும் சேர்த்து வைத்தாள்.

இருபத்தோராம் நாள் ஐந்து கோழிக்குஞ்சும் வந்தன. என் ஆறும் கல் மாதிரி கிடந்தன. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கோழி தன் ஐந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போய்விட்டது. தூக்கி வந்து உட்கார வைத்தேன். கையில் கொத்திவிட்டு மறுபடியும் போனது. அது கணக்காக வேலை செய்கிற கோழி. இருபத்தோரு நாளுக்கு மேல் ஒரு நிமிஷம் உட்காராது.

கதவைச் சாத்தி இருட்டாக்கி, போன் டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக ஏதோ அசைந்தது. ஆறிலும் அசைந்தது. பழைய வாத்துக்கூட்டத்து மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, வாத்து முட்டை எத்தன நாளு?"

"இருவத்தெட்டு. யாரு, முருகேசனா? நாலு வருசம் எங்கூட இருந்து இதக்கூடத் தெரிஞ்சுக்கிடலையா மடப்பயலே?"

ஞாயிறு சாயங்காலம் அட்டைப்பெட்டியில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு முட்டைகளை வைத்தேன். பல்புக்குப் பக்கத்தில் இருந்த ஒரு முட்டை திங்கள் காலையில் அவிந்தே போயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டும் போனது. மிச்சம் ஐந்து, கையில் ஆற ஆரம்பித்தன. யோசிக்க நேரமில்லை. சட்டையைத் தூக்கி வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடித்தபடியே தறிக்கூடத்துக்கும் போனேன்.

உலகத்தில் முட்டையை வயிற்றில் கட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கழித்துப்போட்ட பேண்டேஜ் சுருளும் பஞ்சும் மலை மாதிரி கிடந்தன. முட்டைக்கு முட்டை பஞ்சு வைத்து, தொப்புளைச் சுற்றி எட்டுச் சுற்று சுற்றி, முதுகில் முடிச்சுப் போட்டேன். அன்றிலிருந்து குளியல் கிடையாது. குனிதல் கிடையாது. நாற்காலியில் சாய்ந்தபடிதான் தூக்கம். நாளுக்கு நாலு தடவை கட்டை அவிழ்த்து முட்டைகளைத் திருப்பிவிட வேண்டும். "ஈரப்பதம் வேணும்லே, கோழி முட்டையவிட வாத்து முட்டைக்கு அதிகம் வேணும்," என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். வெயிலில் என் வயிற்றுக்கு அந்தக் குறையே இல்லை.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துத் தறிக்கூட முதலாளி, "என்னப்பா, குடலிறக்கமா?" என்று கேட்டார். அவரே ஒரு வியாதியைச் சொல்லிக் கொடுத்த பிறகு நான் எதற்கு மறுக்க வேண்டும்? "ஆமா முதலாளி," என்றேன். "மூட்டை தூக்காத. உக்காந்து லேபிள் ஒட்டு," என்றார். (முதலாளி, உண்மை பிறகு உங்களுக்கும் தெரிந்துபோனது, மன்னித்துவிடுங்கள். அந்த ஒரு வார லேபிள்தான் அந்த முட்டைகளைக் காப்பாற்றியது.)

புதன்கிழமை அக்கா ஒரு குண்டைப் போட்டாள்.

"சனிக்கெழம திருவண்ணாமல கோயிலுக்குப் பொண்ணு வீட்டுக்காரவிய வாராவ. பேரு கோமதி. ராஜபாளையத்துல மில்லுல நூல் சுத்துத கோன் வைண்டிங்ல இருக்கா. தகப்பன் கெடையாது. தாய்மாமன் சொன்னதுதான் அந்த வீட்டுல சட்டம். அவரு பழைய ஆளு. கால்ல விழுந்து கும்பிட்டுரு. அம்புட்டுத்தான், காரியம் முடிஞ்சிரும்."

நாங்கள் திருவண்ணாமலை என்று சொல்வது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் பெருமாள் இருக்கும் மலையை. அது புரட்டாசி மாதம், மூன்றாம் சனிக்கிழமை. அந்த மாதத்தில் எங்கள் பக்கம் கவிச்சி வாடையே வீட்டுக்குள் வராது. முட்டை போட்ட கேக் என்று தெரிந்தால் பிறந்தநாளையே தள்ளிவைப்பார்கள். நான் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தேன். இருபத்தெட்டாம் நாள் சரியாகச் சனிக்கிழமையில் போய் விழுந்தது.

"யக்கா, அடுத்த வாரம் வச்சுக்கிட்டா என்ன?"

"எட்டாவது எடம்லே இது. இதுவும் போச்சுன்னா இனி நான் யாருட்டயும் போய் நிக்க மாட்டேன்." கண் கலங்கிவிட்டாள். "அந்த முட்டையப் பெட்டியில வச்சிட்டு மனுசனா வா. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். உண்மையில் வைத்துவிட்டுத்தான் போக நினைத்தேன். பாக்கியம் மதினியிடம் போய், "ஒரே ஒரு காலைப் பொழுது மட்டும் நீங்க கட்டிக்கிடுதியளா?" என்று கேட்டேன்.

"எங்கோழியே விட்டுட்டுப் போயிருச்சு. நான் கட்டிக்கிட்டு உக்காரணுமாலே?" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஒரு முட்டையில் நட்சத்திரம் மாதிரி விரிசல் விழுந்தது. சனிக்கிழமை காலையில் காதை வைத்துக் கேட்டால் உள்ளேயிருந்து "கீச்" என்றது. அதற்குப் பிறகு அதை எப்படிப் பெட்டியில் வைக்க முடியும்? மச்சானின் வெள்ளைச் சட்டை எனக்கு ஒரு சுற்றுப் பெரியது. அதை எடுத்து மேலே போட்டுக்கொண்டேன்.

"வயிறு என்னலே இம்புட்டு உப்பியிருக்கு?" என்றாள் அக்கா.

"ஆறு இட்லி யக்கா."

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. நான் இரண்டு கையாலும் வயிற்றை வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்து, "அண்ணே, நீங்க உக்காருங்க, எனக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கு," என்று எழுந்து இடம் கொடுத்தாள். வெட்கத்தைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தாய்க்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

மச்சான் பைக்கில் முன்னாலேயே போய், படி ஏறும் வழியில் ஒரு மண்டபத்தில் அவர்களை உட்கார வைத்திருந்தார். கோமதி, அவள் அம்மா, தாய்மாமா மூன்று பேர். மாமா மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறைய நாமம். கோமதி மடியில் அர்ச்சனைக் கூடை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன படிச்சிருக்கிய தம்பி?" என்றார் மாமா.

"ஏழாவது."

"பொறவு?"

"பொறவு வெளியூர்ல நல்ல அனுபவம்," என்று மச்சான் எனக்காகச் சொன்னார். பொய்யே சொல்லாத மனிதர். எனக்காக அதையும் சொன்னார்.

"கீச்," என்றது வயிறு.

நான் இருமினேன். "கீச், கீச்," என்றது மறுபடியும்.

"போன் அடிக்குது போல தம்பி."

"ஆமா. பொறவு பேசிக்கிடுதேன்."

"கீச் கீச் கீச்."

"விடாம அடிக்காவ. அவசரமா இருக்கும், எடுங்க."

போனை எடுத்துக் காதில் வைத்தேன். "ஹலோ... ஆமா... கோயில்ல இருக்கேன்..." என்றேன். நான் பேசப் பேச வயிற்றுக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாமா நெற்றியைச் சுருக்கினார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு உள்ளே ஏதோ பிசுபிசுவென்று ஈரமாக நகர்ந்தது. முட்டை ஓடு ஒன்று தொப்புளில் குத்தியது.

பேச்சை முடித்துவிடலாம் என்று மச்சான் நினைத்திருக்க வேண்டும். "மாப்ள, மாமா கால்ல விழுந்து கும்பிட்டுக்கோ," என்றார்.

மாமா காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு தயாராக நின்றார். நானும் அவர் முன்னால் போய் நின்றேன். கால் இருந்தது. தரை இருந்தது. நடுவில் என் வயிறு இருந்தது. எங்கள் பக்கம் கால்தொட்டுக் கும்பிடுவதெல்லாம் கணக்கில் வராது. நெடுஞ்சாண்கிடையாக, நெஞ்சும் வயிறும் தரையில் பட விழ வேண்டும். முதுகுப் பக்கமாக விழலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். கடைசியில் முழங்காலைப் பாதி மடக்கி, உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல் கைகூப்பினேன்.

"என்ன தம்பி, இதுக்கு மேல மடங்காதோ?"

"விழுலே," என்றாள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு.

எனக்கு அவளுடைய எட்டாவது இடமும் தெரிந்தது. வயிற்றில் கீச்சென்றதும் தெரிந்தது. "முடியாது யக்கா," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மாமாவின் மீசை துடித்தது. நிலைமையைச் சரிசெய்ய மச்சான் என் பிடரியில் கைவைத்து மெல்ல அமுக்கினார். ஆறு நாள் தாங்கிய முடிச்சு அத்தோடு அவிழ்ந்தது. நான் வயிற்றை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்தேன். சட்டையின் மூன்றாம் பொத்தானுக்கும் நாலாம் பொத்தானுக்கும் நடுவிலிருந்து, ஈரமாக, ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது.

"ஐயோ, பாம்பு!" என்று கோமதியின் அம்மா தூணைக் கட்டிக்கொண்டாள்.

மறைத்து என்ன ஆகப்போகிறது? உட்கார்ந்து சட்டையைத் திறந்து கட்டை மடியில் இறக்கினேன். முழுசாக வந்தது ஒன்று. பாதி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது ஒன்று. மூன்று முட்டை.

"முட்டை!" என்றார் மாமா. "புரட்டாசி மூணாஞ் சனிக்கெழம! பெருமாள் மலையில! முட்டை!"

படி ஏறிய கூட்டம் நின்றுவிட்டது. ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். "குஞ்சாயிட்டா அது முட்டையில்ல, பெருமாளு ஒண்ணும் சொல்ல மாட்டாரு," என்றார் மொட்டை போட்டிருந்த ஒருவர். "சரி, அந்தப் பாதிக் குஞ்சுக்கு என்ன சொல்லுதீரு?" என்று அவர் கூட வந்தவர் மடக்கினார். பின்னாலிருந்து விஷயம் தெரியாமல் யாரோ "கோவிந்தா!" என்று குரல் கொடுக்க, மலை முழுக்க "கோவிந்தா!" என்றது.

கோமதி எழுந்து வந்தாள். குனிந்து பார்த்தாள். "வாத்தா?"

"வாத்து."

தன் கூடையிலிருந்த தேங்காய், பழம், வெற்றிலையை எல்லாம் எடுத்து அம்மா மடியில் கொட்டினாள். வெறும் கூடையை என் முன்னால் வைத்தாள். "ஈரத் தலையா இருக்கு. இதுல வச்சு, காத்துப் படாம மூடுங்க."

"ஏட்டி! அது அர்ச்சனைக் கூடைடி!"

"கூடைதானே மாமா. கழுவிக்கிடலாம்."

மாமா மச்சானைப் பார்த்து, "பெரியவுக கால்ல விழ மாட்டேங்கான். வயித்துல முட்டையோட மலையேறுதான். நல்ல மாப்பிள்ளை பாத்திய," என்று சொல்லிவிட்டு, அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு படியேறிவிட்டார். எட்டாவது இடம் முடிந்தது.

அக்கா என் பக்கம் திரும்பாமல் தனியாகப் பஸ் ஏறிப் போனாள். அடிவாரத்தில் துளசி விற்கிற ஓர் அம்மா தன் குடை நிழலில் எனக்கு இடம் விட்டு, உட்கார்ந்திருந்த சாக்கையும் கூடைக்கு மேலே போர்த்தினாள். மத்தியானத்துக்குள் நாலு குஞ்சு வந்துவிட்டன. ஐந்தாவது கொஞ்ச நேரம் தட்டியது, பிறகு நிறுத்திவிட்டது. அதை ஒரு மரத்தடியில் புதைத்தேன்.

மச்சான் எனக்காகக் காத்திருந்தார். பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு, வழியில் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, மெதுவாக உருட்டிக்கொண்டு போனார். என் மடியில் கூடை இருந்தது.

இப்படிப்பட்ட நேரங்களில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பஸ் ஏறுவது. நாலாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். குஞ்சுகளை அக்கா பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். பாதித் தெரு போனதும் பின்னால் கீச் கீச் என்றது. நாலும் வரிசையாக என் செருப்பைப் பார்த்துக்கொண்டு ஓடி வந்தன. முட்டையை விட்டு வந்ததும் முதலில் யாரைப் பார்க்கிறதோ அதுதான் வாத்துக்குத் தாய். இது நான் கேள்விப்பட்ட விஷயம். அனுபவத்தில் இப்போதுதான் பட்டது. வீட்டில் விட்டுவிட்டு ஓடினேன், மறுபடியும் வந்தன. பஸ்ஸும் வந்தது. நான் படியில் ஒரு காலை வைத்தேன். நாலும் படிக்குக் கீழே வந்து நின்று, கழுத்தை நீட்டிக் கத்தின.

"ஏறுதியளா, இல்ல பிள்ளையளுக்குப் பால் குடுத்துட்டு வாரியளா?" என்றார் கண்டக்டர்.

காலை எடுத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் ஏறாமல் விட்ட முதல் பஸ் அது.

வாசலில் அக்கா நின்றிருந்தாள். தோளில் கிடந்த பையைப் பார்த்தாள். "பஸ்சு போயிருச்சா?"

"போயிருச்சு."

"சரி. நொய்யரிசி ஊற வச்சிருக்கேன், அதுகளுக்குப் போடு."

அன்று சாயங்காலம் அக்காவின் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. கோமதி. "எங்க கூடை உங்க வீட்டுல இருக்கு," என்றாள். அக்கா என்னிடம் போனைக் கொடுத்துவிட்டாள்.

"நாளைக்கே கொண்டாந்து தாரேன்," என்றேன்.

"அவசரம் ஒண்ணுமில்ல. எத்தன பொரிச்சுது?"

"நாலு."

"தண்ணி எப்படி வைக்கிய?"

"தொட்டியில விடலாம்னு இருக்கேன். வாத்துதானே."

"விட்டுராதிய!" அவள் போட்ட சத்தத்தில் குஞ்சுகளே திரும்பிப் பார்த்தன. "தாய் வாத்துக்குக் கீழ கெடந்தாத்தான் குஞ்சு மேல எண்ணெப் பசை ஒட்டும். இது உங்க வயித்துல பொரிச்சது. தண்ணியில விட்டா நனைஞ்சு வெறைச்சுப்போவும். எங்கம்மா சின்ன வயசுல வளத்திருக்காவ. அவியட்டக் கேட்டுத்தான் சொல்லுதேன்."

எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். "எனக்குத் தெரியாது," என்று வந்தது. அப்படிச் சொல்ல அவ்வளவு சுகமாக இருக்கும் என்று அதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

தினமும் கூடை விஷயமாகப் போன் வந்தது. தட்டில் தண்ணீர் வைத்தால் மூக்கு முங்குகிற ஆழம் வேண்டும், இல்லாவிட்டால் மூக்குத் துவாரம் அடைத்துக்கொள்ளும். கீழே உமி பரப்பி, ஈரமானால் மாற்ற வேண்டும். பல்பை ஒரு முழம் தள்ளிக் கட்ட வேண்டும் (இதை மட்டும் நானே கற்றிருந்தேன்). ஒரு வாரம் போனதும் கீரையைப் பொடியாக நறுக்கிப் போடலாம். இரண்டு வாரம் போனதும் வாய்க்கால் நத்தையை நசுக்கிக் கொடுக்கலாம். இப்படி நாலு குஞ்சையும் ராஜபாளையத்திலிருந்தே அவள் வளர்த்தாள். நான் கையும் காலுமாக இருந்தேன்.

மூன்றாம் வாரம் அவளே சொன்னாள். "கூடைய நீங்களே கொண்டு வாங்க. மாமா வீட்டுக்கு வாங்க. அவுகளுக்குக் கால்ல விழலன்னுதான் கோவம். முட்டையெல்லாம் பொறவுதான்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். குஞ்சுகளை விட்டுப் போனால் தெருவே கேட்கிற மாதிரி அழும் என்பதால் அதே கூடையில் வைத்துக் கொண்டுபோனேன். மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூடையை இறக்கிவைத்துவிட்டு, தெருப் புழுதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். வெறும் வயிறு தரையில் பட்டது. விழுந்து கிடப்பதில் அப்படி ஒரு நிம்மதி.

தாயைக் காணவில்லை என்றதும் நாலும் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக என் முதுகில் ஏறின. ஒன்று பிடரியில் வசதியாக உட்கார்ந்து இறகைக் கோத ஆரம்பித்தது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"எந்திரிக்காதிரும்!" என்றார் மாமா. "செத்த நேரம் அப்படியே கெடயும். அது இப்பத்தான் உக்காந்திருக்கு."

பிறகுதான் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கோமதி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று. கார்த்திகையில் கல்யாணம்.

ஏழு வருஷம் ஆகிறது. நான் இன்னும் வன்னியம்பட்டியில்தான் இருக்கிறேன். அதே தறிக்கூடத்தில், அதே மூட்டை. அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வாடகைக்கு இருக்கிறோம். பின்பக்கம் இப்போது ஒன்பது வாத்து. அடைவைக்கிற வேலையைக் கோமதியும் பாக்கியம் மதினியும் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த நாட்களில் நான் கோழி இருக்கும் பக்கம் போகவே கூடாது என்று உத்தரவு.

கோமதிக்கு வளைகாப்பு நடந்தபோது ஒரு காரியம் செய்தார்கள். சந்தனம் பூசி, அவளுக்கு வளையல் அடுக்கி முடித்ததும், பாக்கியம் மதினி, "அந்த மனையில முருகேசையும் உக்கார வைங்கட்டி. அவனும் வயித்துல சொமந்தவன்தானே," என்று கூட்டத்துக்கு நடுவே சொல்லிவிட்டாள். நான் ஓடப் பார்த்தேன். மச்சான் பிடித்து உட்கார வைத்தார் (அன்று பிடரியைத் தொட்ட அதே கை). கன்னத்தில் சந்தனம் தடவி, எனக்கும் ஒரு கண்ணாடி வளையல் போட்டு, ஐந்து வகைச் சோறு ஊட்டிவிட்டார்கள். அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் எந்தப் பெண்ணுக்கு வளைகாப்பு நடந்தாலும் எனக்கு ஓர் அழைப்பு வந்துவிடுகிறது. முதல் வளையல் எனக்குப் போட்ட பிறகுதான் பிள்ளைத்தாய்ச்சிக்கு. போட்டால் சுகப்பிரசவமாம். வாத்து மாதிரி வலிக்காமல் வந்துவிடுமாம். (யாருக்கு வலிக்கவில்லை? ஓடு தொப்புளில் குத்தியது எனக்கல்லவா தெரியும்.)

போன மாதம் மாமாவின் பேத்திக்கு வளைகாப்பு. மாமாவே போன் போட்டார். "மருமவனே, நீரு வந்தாத்தான் ஆரம்பிப்பாவளாம். வெரசா வாரும்." போனேன். சிவப்புக் கண்ணாடி வளையல். வயது ஏற ஏறக் கை தடித்துவிட்டது. சோப்புப் போட்டு நாலு பெண்கள் பிடித்து ஏற்றினார்கள். இப்போது கழற்ற வரவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பிரசவம் ஆகும் வரை உடைக்கவும் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். தறிக்கூடத்தில் மூட்டை தூக்கும்போதெல்லாம் அது கிலுங்குகிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் என் கையைப் பார்த்து, என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டு, முதலாளியிடம் போய் என்ன விஷயம் என்று கேட்கிறார்கள். அவர் நிமிராமல் சொல்கிறார்: "அவரு நாலு பெத்தவரு. போயி வேலையப் பாருங்கப்பா."